தெரிஞ்ச நாள்

இந்தச் சட்டத்தை எனக்கு முதல்ல சொன்னது வக்கீல் குமாஸ்தா ஏசுவடியான் அண்ணாச்சி. மூணு வருஷத்துக்கு முன்னாடி, பிப்ரவரி மாசம் இருபதாம் தேதி, ஞாயித்துக்கிழமை, ஆராதனை முடிஞ்சு கோயில் வாசல்ல அவர் செருப்பைத் தேடிக்கிட்டு நிக்கும்போது சொன்னார். தேதியையும் எழுதிக்கிடுங்க சிஸ்டர். தேதி இல்லாத சாட்சியை நம்ம மாசப் புஸ்தகத்துல போடுறதில்லைன்னு வெளியே போர்டுல எழுதியிருக்கு, வாசிச்சேன்.

என் பேரு ஞானக்கனி. ஊரு சீயோன் குடியிருப்பு. வடலிக்குளத்துல பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மைல் நடக்கணும். எட்டாம் வகுப்பு வரைக்கும் படிச்சிருக்கேன். எழுதத் தெரியும். ஆனா இது பொருத்தனைச் சாட்சி. ஆண்டவருக்கு வாக்குக் கொடுத்துச் சொல்ற சாட்சியை நானே எழுதினா ஏதாவது விட்டுப்போயிரும். ஜெப வீட்டுலயே சாட்சி எழுதிக்கிடுற மேசை இருக்கு, சொன்னா போதும், அவங்க எழுதி அச்சுக்கு அனுப்புவாங்கன்னு சொன்னாங்க. அதான் நேர்ல வந்துட்டேன். உங்க முகம் என் மக ஜெமிமா மாதிரியே இருக்கு. அவ கோயம்புத்தூர்ல இருக்கா, ரெண்டு பிள்ளைங்க. அது வேற சாட்சி, அதை முன்னமே போட்டுட்டீங்க.

இது என் மகன் ஆசீருக்காக.

அண்ணாச்சிகிட்ட நான் கேட்டது இவ்வளவுதான். "ஒருத்தன் வேணும்னு செய்யலை. கவனக்குறைவா ஒரு காரியம் செஞ்சான். அதுல ஒரு ஆள் செத்துப்போனான். அதுக்கு என்ன அண்ணாச்சி தண்டனை?" ஒரு கால்ல செருப்போட நின்னுக்கிட்டு என்னைப் பார்த்தார். யாருக்குன்னு கேக்கலை. நல்ல மனுஷன். "அதிகபட்சம் ரெண்டு வருஷம்"னார். "ஆனா ஞானக்கனி, அந்த மாதிரிக் கேஸை மூணு வருஷத்துக்குள்ள கோர்ட்டுல எடுத்தாகணும். அதைத் தாண்டிட்டா கெடு முடிஞ்சுது, அவ்வளவுதான்."

அந்த "அவ்வளவுதான்" எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா சிஸ்டர்? ஐயர் கையைத் தூக்கி ஆசீர்வாதம் சொல்லி முடிக்கிற மாதிரி இருந்துச்சு. ஐயர்னா எங்க சபைப் பாதிரியார். எங்க பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

நான் விடலை. "எதுக்கு அண்ணாச்சி அப்படி ஒரு சட்டம்? மூணு வருஷம் கழிச்சு செத்தவன் எந்திரிச்சா வரப்போறான்?"ன்னு கேட்டேன். எனக்கு அந்தச் சட்டம் பிடிச்சுப்போச்சு. ஆனா திருட்டுக் கோழியை மடியில வச்சிருக்கிற மாதிரி ஒரு கூச்சம். நியாயம்தான்னு படிச்சவர் ஒருத்தர் சொல்லிட்டா நிம்மதியா வச்சுக்கிடலாம்லா.

அவர் திண்ணமாச் சொன்னார். "கொலைக்குக் கெடு கிடையாது. பெரிய குத்தம் எதுக்கும் கிடையாது. சின்னதுக்குத்தான் கெடு. ஏன்னு கேளு. நாளாக நாளாகப் பார்த்தவன் மறந்துருவான். மறந்தவன் சும்மாவும் இருக்க மாட்டான், பாக்காததையும் சேர்த்துச் சொல்லுவான். இருந்த பொருள் மக்கிப்போகும், தொலைஞ்சுபோகும். எதை வச்சு விசாரிக்க? போலீஸ்காரனும் ஃபைல் மேல காப்பி டம்ளரை வச்சுக்கிட்டு நாளைக்குப் பாப்போம், நாளன்னைக்குப் பாப்போம்னு இருக்கக் கூடாது. எல்லாத்துக்கும் மேல, மூணு வருஷம் கழிச்சு நீ கூண்டுல ஏத்துற ஆளு அன்னைக்குத் தப்புப் பண்ணின ஆளே கிடையாது. திருந்தியிருப்பான், இல்லை ஒடிஞ்சிருப்பான். சின்னக் குத்தத்துக்கு ஆயுசு பூராவும் ஒருத்தனைப் பயத்துலயே வச்சிருந்தா அது ரெண்டு வருஷ ஜெயிலைவிடப் பெரிய தண்டனை ஆயிரும்லா."

எவ்வளவு சரியாச் சொன்னார் பாருங்க. அதை அப்படியே எழுதுங்க. அவர் பேரையும் போடுங்க. அவர் இப்ப இல்லை, போன கிறிஸ்மசுக்கு முந்தி கர்த்தருக்குள்ள போயிட்டார்.

சைக்கிளை எடுக்கும்போது திரும்பி இன்னொண்ணும் சொன்னார். "யாரு செஞ்சதுன்னே தெரியாத கேஸுன்னா, தெரிஞ்ச நாள்ல இருந்துதான் கெடுவை எண்ணுவாங்க. அதைப் பாத்துக்கோ"ன்னார். அதுல எனக்குக் கவலை இல்லை. எங்களுக்குத்தான் அன்னைக்கே தெரியுமே. ஆண்டவருக்குத் தெரியும், ஆசீருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அப்ப தெரிஞ்ச நாளும் நடந்த நாளும் ஒண்ணுதானே. பிப்ரவரி பத்து, வியாழக்கிழமை. அதுல இருந்துதான் எண்ணினேன்.

மாசாமாசம் பத்தாம் தேதி உபவாசம். முப்பத்தாறு உபவாசம் இருந்தேன் சிஸ்டர், பல்லுல பச்சத்தண்ணி படலை. முந்தாநாளோட முடிஞ்சுது. நடுவுல ஒரு லீப் வருஷம் வந்துது, அதுக்காக நேத்தையும் சேர்த்து இருந்தேன். நம்ம பக்கம் ஒரு நாள் குறைஞ்சுதுன்னு இருக்கக் கூடாது.

நடந்ததைச் சொல்லிருதேன்.

அன்னைக்கு எங்க ஊர்ல பெண்கள் ஐக்கியக் கூட்டம். சுத்துப்பட்டு ஊர்ல இருந்தெல்லாம் வந்திருந்தாங்க. மூணு மணிக்குச் சாட்சி நேரம். முதல் சாட்சி என்னோடது. ஜெமிமாவுக்கு ஏழு வருஷம் கழிச்சுக் குழந்தை தங்கின சாட்சி. ஒரு வாரமாச் சொல்லிப் பார்த்து மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன். மைக்செட்டு ஆசீரோடது. சொந்தமா ரெண்டு பெரிய பெட்டி, ஆம்ப்ளிஃபையர் எல்லாம் வச்சிருந்தான். கலியாணம், கோயில் கொடை, சபையோட அசன விருந்து எதுன்னாலும் இவனைத்தான் கூப்பிடுவாங்க.

ஒரு மணிக்குக் கரெண்ட் போச்சு. குளத்துக்கு அந்தப் பக்கம் கம்பத்துல வேலை நடக்குதுன்னாங்க. ரெண்டாச்சு. ரெண்டரையாச்சு. வரலை. பந்தல்ல நூத்துச் சொச்சம் பொம்பளைங்க, ஆளுக்கொரு பாட்டுப் புஸ்தகத்தை விசிறியா வச்சு வீசிக்கிட்டு இருக்காங்க. அதுல ராஜகிளின்னு ஒருத்தி, எனக்கு மதினி முறை, அவ வாயி இருக்கே. "ஏ ஞானக்கனி, உம் மவன் செட்டுக்கு இன்னைக்குத் தொண்டை கட்டிட்டோ? ஒனக்கு ஆண்டவர் செஞ்சதை எங்க காதுலயும் போடுவியா, இல்லை மனசுக்குள்ளயே வச்சுக்கிடுவியா?"ன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கு முகம் சுண்டிப்போச்சு.

ஆசீர் டிரான்ஸ்ஃபார்மர் வரைக்கும் போய்ப் பார்த்துட்டு வந்தான். அங்க ஒரு இரும்புக் கைப்பிடி உண்டு. இறக்கினா எங்க பக்கத்துக் கரெண்ட் மொத்தமும் போயிரும், ஏத்தினா வரும். அதுக்குப் போட்டிருந்த பூட்டு எந்தக் காலத்துலயோ காணாமப் போச்சு. அதனால லைன்மேன் பலவேசம் ஒரு வழக்கம் வச்சிருந்தான். கம்பத்துல ஏறணும்னா கைப்பிடியை இறக்கிட்டு, தன்னோட மஞ்சப்பையை அதுல மாட்டிட்டுப் போவான். "பை தொங்குச்சுன்னா பலவேசம் மேல இருக்கான். பை இறங்குச்சுன்னா பலவேசம் இறங்கிட்டான்"னு பால்வாடிப் பிள்ளைங்க வரைக்கும் சொல்லி வச்சிருந்தான். ஒப்பந்தக் கூலி ஆள்தான், ஆனா எங்களுக்கு அவன்தான் இ.பி.

ஆசீர் வந்து, "எம்மா, பை தொங்குதும்மா"ன்னான்.

நான் வாட்சைப் பார்த்தேன். மூணாக அஞ்சு நிமிஷம். "எய்யா, அவன் சாப்பிடப் போயிருப்பான். பையை எடுக்க மறந்திருப்பான். மூணு மணிக்கு எவன் கம்பத்துல இருப்பான்"னு சொன்னேன்.

அது எழுத வேண்டாம் சிஸ்டர். அது சின்ன விஷயம். எழுதிட்டீங்களா? சரி, அடிச்சிருங்க.

போனான். வந்துட்டான். அஞ்சு நிமிஷம்கூட ஆகலை. ஃபேன் சுத்துச்சு, பெட்டி கொர்ருன்னுச்சு, பொம்பளைங்க எல்லாம் கை தட்டினாங்க. பையை எடுத்துட்டு வந்து ஆம்ப்ளிஃபையர் மேசைக்கு அடியில வச்சான், பலவேசம் வந்தா கொடுத்துரலாம்னு. நான் மேடையில ஏறிச் சாட்சியைத் தொடங்கினேன். பாதி சொல்லிக்கிட்டு இருக்கும்போதே குளத்துப் பக்கமிருந்து யாரோ கத்துற சத்தம் கேட்டுச்சு. சில பேர் எந்திரிச்சு ஓடினாங்க. ஆசீர் ஓடினான். நான் சாட்சியை நிறுத்தலை. ஆண்டவர் சந்நிதியில தொடங்கினதைப் பாதியில விடக் கூடாதுன்னு எங்க அம்மா சொல்லிக் கொடுத்திருக்கா. முடிச்சுட்டுத்தான் இறங்கினேன்.

பலவேசம் கம்பத்து மேலயே முடிஞ்சு போயிட்டான். பெல்ட் கட்டியிருந்ததால கீழ விழலை. அப்படியே சாஞ்சு நின்னானாம். ஆசீர் பார்த்துட்டான். நான் பாக்கலை.

பாய் சுருட்டும்போது மேசைக்கு அடியில அந்தப் பை கிடந்தது. வீட்டுக்குக் கொண்டு வந்து திறந்து பார்த்தா தூக்குச்சட்டி. திறந்தேன். சோறும் கருவாட்டுக் குழம்பும். ஒரு கை குறையலை.

ஃபேன் நின்னுட்டே. கரெண்ட் போயிட்டா? பரவாயில்லை, பரவாயில்லை. வாசல்ல நிக்கிற அந்தத் தம்பியை அனுப்பாதீங்க சிஸ்டர். யாரும் போய்ப் பாக்க வேண்டாம். தானா வரட்டும். ஜன்னலைத் திறந்துக்கிடுவோம்.

மறுநாள் போலீஸ் வந்து விசாரிச்சாங்க. கைப்பிடியை ஏத்துனது யாருன்னு ஒருத்தருக்கும் தெரியலை. ஒவ்வொருத்தரும் இன்னொரு ஊர்க்காரங்கன்னு நினைச்சாங்க. மைக்செட்டுக்காரன் எங்க இருந்தான்னு என்கிட்டயும் கேட்டாங்க. "மைக் பக்கத்துலதான் இருந்தான்"னு சொன்னேன். பொய் இல்லை. காலையில எட்டு மணியில இருந்து மைக் பக்கத்துலதான் இருந்தான், அந்த அஞ்சு நிமிஷம் தவிர. அவங்க அஞ்சு நிமிஷத்தைப் பத்திக் கேக்கலை. பேர் தெரியாத நபர்னு எழுதிக்கிட்டுப் போனாங்க.

மூணாம் நாள் ஆசீர் சட்டையைப் போட்டுக்கிட்டு வாசல்ல நிக்கான். "எம்மா, நான் ஸ்டேஷனுக்குப் போறேன். பையையும் கொண்டு போறேன்"னான். நான் அவன் கால்ல விழுந்தேன். பெத்தவ மகன் கால்ல விழக் கூடாது, தெரியும். விழுந்தேன். அவன் உள்ளே வந்து உக்காந்துட்டான். அப்புறம்தான் அண்ணாச்சிகிட்டக் கேட்டது.

அதுக்கு அடுத்த மாசம் ஐயர் ஒரு பிரசங்கம் பண்ணினார் சிஸ்டர். எனக்காகவே ஆண்டவர் கொடுத்த பிரசங்கம். அந்தக் காலத்துல தெரியாம ஒரு ஆளைக் கொன்னுட்டவன் ஓடிப்போய்த் தங்குறதுக்குன்னே அடைக்கலப் பட்டணம்னு சில ஊர்களை ஒதுக்கி வச்சிருந்தாங்களாம். அங்க போயிட்டா அவனை ஒருத்தரும் தொட முடியாது. அதுக்கும் ஒரு கெடு உண்டு. அந்தக் கெடு முடியிற வரைக்கும் உள்ளேயே இருக்கணும். எல்லையைத் தாண்டி வெளியே வந்து, செத்தவனோட சொந்தக்காரன் கண்ணுல பட்டுட்டா, அப்புறம் அவன் உயிருக்கு யாரும் பொறுப்பில்லை.

நான் வீட்டுக்கு வந்து ஆசீர்கிட்டச் சொன்னேன். "எய்யா, இதுதான் உனக்கு அடைக்கலப் பட்டணம். மூணு வருஷம் வாயைத் திறக்காதே. நான் ஆண்டவர்கிட்டப் பேசிக்கிடுதேன்." அன்னைக்கு ராத்திரி இல்லை, அந்த மத்தியானமே முழங்கால் போட்டுப் பொருத்தனை பண்ணினேன். ஆண்டவரே, இந்த மூணு வருஷத்தைக் கடத்தி விட்டீர்னா, என் மகன் பேரைச் சொல்லி, என் பேரைச் சொல்லி, எல்லாரும் வாசிக்கிற புஸ்தகத்துல சாட்சி கொடுப்பேன். அப்படிச் சொன்னேன். சொன்னா சொன்னதுதான்.

அவனும் இருந்தான். மைக்செட்டை ஒருத்தனுக்குத் தூக்கிக் கொடுத்துட்டான். முருங்கைத் தோட்டத்துல காய் பறிக்கப் போவான், நேரா வீட்டுக்கு வந்துருவான். ஒரு விஷயம் மட்டும் விசித்திரம். சுவிட்சுல கை வைக்க மாட்டான். இருட்டினா இருட்டுல உக்காந்திருப்பான். "எம்மா, லைட்டைப் போடு"ம்பான். நான் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தா நான் வர்ற வரைக்கும் அப்படியே உக்காந்திருப்பான். முப்பத்தொரு வயசு. அண்ணாச்சி சொன்னாரே, ஒடிஞ்சிருப்பான்னு. அதுக்குத்தானே சட்டம் இரக்கம் காட்டுது.

முந்தாநாள் சாயங்காலம் சொன்னேன், "எய்யா, முடிஞ்சுது"ன்னு. "யாருக்கு முடிஞ்சுது?"ன்னான். "உனக்குத்தான்"னேன். அப்புறம் எந்திரிச்சுப் போய் அவனே லைட்டைப் போட்டான். நான் அழுதேன் சிஸ்டர். ஈஸ்டர் முடிஞ்சு மே மாசம் கலியாணம் வச்சிருக்கோம். பொண்ணு பேரு ஹெப்சி, டீச்சர் டிரெய்னிங் முடிச்சவ. நேத்து அவகிட்டப் போன்ல சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்தான். மூணு வருஷம் கழிச்சு அந்தச் சிரிப்பைக் கேட்டேன்.

நான் இங்க வந்தது அவனுக்குத் தெரியாது. புஸ்தகம் வந்ததும் கையில கொடுப்பேன்.

நீங்க என்னமோ சொல்ல வர்றீங்க. இருங்க, நான் முடிச்சிருதேன். விட்டா கோர்வை போயிரும்.

பலவேசம் பெண்டாட்டி முப்பிடாதியைப் பத்தியும் சொல்லணும். இல்லாட்டா சாட்சி முழுசா இருக்காது. நான் அவளை விட்டுறலை சிஸ்டர். முதல் மாசத்துல இருந்தே போய்ப் பார்ப்பேன். ஒரு வாழைத்தார், நாலு முருங்கைக்காய், கிறிஸ்மசுக்கு அவ மகளுக்கு ஒரு பாவாடை சட்டை. என்னைக் "கோயிலக்கா"ன்னுதான் கூப்பிடுவா. பீடி சுத்துவா. சுத்திக்கிட்டே ஒரே பேச்சைத்தான் பேசுவா. "யாருன்னு மட்டும் தெரியணும் கோயிலக்கா. ஊரெல்லாம் நாளாச்சு நாளாச்சுங்குது. எனக்கு நேத்து மாதிரி இருக்கு. மத்தியானம் சட்டியைக் கழுவ எடுப்பேன், சட்டி இல்லையேன்னு அப்பதான் நெனப்பு வரும்."

நான் ஒருநாள் அண்ணாச்சி சொன்னதை அவகிட்டச் சொல்லிப் பார்த்தேன். சட்டம்னு சொல்லலை, சும்மா பொதுவா. "நாளானா எல்லாரும் மாறிப்போவாங்க முப்பிடாதி. செஞ்சவனும் இப்ப வேற ஆளா இருப்பான்"னேன். அவ பீடி இலையைக் கத்தரிச்சுக்கிட்டே, "அவன் வேற ஆளா ஆயிட்டான். எம் புருஷன் அதே ஆளாத்தானே கிடக்காரு"ன்னா. ஜெபம் பண்ணிட்டு வந்துட்டேன்.

அவ மாசம் ஒரு தடவை ஸ்டேஷனுக்கு மனுவோட போவா. "அந்தப் பையை எடுத்தவன்தான் சார் கை வச்சவன். என் கொழுந்தன் கலியாணத்துத் தாம்பூலப்பை. பேரு போட்டிருக்கும். எங்க கண்டாலும் நான் சொல்லிருவேன்"னு அழுவாளாம். போய்ப் போய், அந்த இன்ஸ்பெக்டருக்கே மனசு கேக்காம ஸ்டேஷன் பெருக்குற வேலையைக் கொடுத்துட்டார். இப்ப ஸ்டேஷனுக்குப் பின்னாலயே ஒரு அறையில தாயும் மகளும் இருக்காங்க. அவர் சொல்வாராம், "பேரை மட்டும் கொண்டு வாம்மா. எனக்குத் தெரிஞ்ச அன்னைக்குத்தான் கணக்கே தொடங்குது"ன்னு. நல்ல மனுஷன்தான், பாவம். ஆனா மூணு வருஷக் கெடு அவருக்குத் தெரியலை போலிருக்கு. நான் அவகிட்ட அதைச் சொல்லலை. நம்பிக்கையோட இருக்கிறவளை எதுக்குக் கெடுக்கணும்.

இந்தப் பையா? ஆமா சிஸ்டர். இதான் அந்தப் பை. சட்டியும் உள்ளதான் இருக்கு. எத்தனையோ தடவை துவைச்சுட்டேன், நல்ல துணி, சாயம் போகவே இல்லை பாருங்க. எழுத்துக்கூட அப்படியே இருக்கு. மாப்பிள்ளை பேரு, பொண்ணு பேரு, கீழ அண்ணன் பலவேசம்னு அழைப்புக்காரர் பேரு. பொருளெல்லாம் மக்கிப்போகும்னு அண்ணாச்சி சொன்னார். நான் மக்க விடலை. பிறத்தியார் பொருள்லா, திருப்பிக் கொடுக்கணும்லா. வருஷம் தவறாம வேப்பிலை போட்டு மடிச்சு வச்சேன். புஸ்தகம் வந்தபிறகு நானே கொண்டு போய் அவ கையில கொடுப்பேன்.

ஏன் சிஸ்டர் பேனாவை மூடுறீங்க? வேர்க்குதா? தண்ணி குடிங்க.

பேர் போட வேண்டாம்னு சொல்றீங்களா? "ஒரு சகோதரி"ன்னு போட்டா போதுமா? இல்லை சிஸ்டர். அது பொருத்தனை. ஆசீர் செல்வின், முழுப் பேரையும் போடணும். ஊரையும் போடணும். வக்கீலைப் பார்த்துட்டு வரணுமா? வக்கீல் ஆபீஸ்ல முப்பது வருஷம் இருந்த மனுஷன் சொன்னதுதான் நான் சொன்னது. தெரிஞ்ச நாள்ல இருந்து மூணு வருஷம். முடிஞ்சு போச்சு. இனிமே அந்த இன்ஸ்பெக்டரே வாசிச்சாலும் என்ன, சும்மா வாசிச்சுட்டு மடிச்சு வைக்க வேண்டியதுதான்.

உங்களுக்கு நல்ல மனசு. என் மகளா இருந்தாலும் இப்படித்தான் பயப்படுவா. ஆனா நான் பயந்த பயத்தை எல்லாம் மூணு வருஷத்துலயே பயந்து முடிச்சுட்டேன் சிஸ்டர். இப்ப நெஞ்சுக்குள்ள ஒண்ணும் இல்லை. ராத்திரி அந்தச் சட்டி நெனப்பு மட்டும் வருது. சாட்சி கொடுத்துட்டா அதுவும் போயிரும்.

வந்துட்டு பாருங்க, ஃபேன் சுத்துது. யாரும் போகலை, தானா வந்துட்டு.

சரி, பேனாவை எடுங்க. நான் திருப்பி வாசிக்கச் சொல்லலை, நீங்க எழுதினது சரியாத்தான் இருக்கும். இன்னும் ஒரே ஒரு உதவி. நம்ம மாசப் புஸ்தகம் முப்பிடாதிக்கும் போகுது. துக்கத்துல இருக்கிறவளுக்கு ஆறுதலா இருக்கட்டும்னு நான்தான் மூணு வருஷமா அனுப்பச் சொல்லியிருக்கேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. பத்தாம் வகுப்புப் படிக்கிற மகதான் வாசிச்சுக் காட்டுவா, அதுலயும் சாட்சிப் பக்கத்தைத்தான் முதல்ல வாசிக்கச் சொல்வாளாம். வீடு மாறினதுல இருந்து ரெண்டு மாசமாப் புஸ்தகம் வரலைன்னு சொன்னா. இந்த மாசம் தவறக் கூடாது. புது விலாசத்தைக் குறிச்சுக்கிடுங்க சிஸ்டர். ப. முப்பிடாதி, மேற்பார்வை: காவல் நிலையம், வடலிக்குளம்.